பிரேக்கக்காவும் முதல் விதியும்

"நியூட்டன் என்னைக்காவது ஸ்ட்ரெச்சர் தள்ளியிருக்காரா?" என்று கேட்டாள் சித்தி.

"தெரியல சித்தி" என்றாள் அக்கா மகள்.

"தள்ளியிருக்க மாட்டார். தள்ளியிருந்தா இப்படி எழுதியிருக்கவே மாட்டார். இன்னொரு தடவ படி."

அக்கா மகள் பாடப்புத்தகத்தை மறுபடியும் விரித்தாள். "புறவிசை ஒன்று செயல்படாத வரை, ஓய்வில் இருக்கும் பொருள் ஓய்விலேயே இருக்கும்."

"இது சரி. இது உங்க சித்தப்பா."

உள் அறையில் படுத்திருந்தவர், "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று குரல் கொடுத்தார்.

"இயங்கிக்கொண்டிருக்கும் பொருள், அதே வேகத்தில் நேர்க்கோட்டில் இயங்கிக்கொண்டே இருக்கும்."

"இதுதான் பொய்."

"பொய் இல்ல சித்தி. விதி."

"என் தலைவிதியவே நான் நம்புறதில்ல. இத நம்புவேனா? இருபது வருஷமா வண்டி தள்ளுறேன். தள்ளினா போகும், தள்ளலேன்னா நிக்கும். அடி மேல அடி வெச்சா அம்மியும் நகரும்னு சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு அடி வெச்சிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டா அம்மி தன்னால போய்க்கிட்டே இருக்கும்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"உராய்வுன்னு ஒண்ணு இருக்கு சித்தி. அதுதான் நிறுத்துது."

"எங்க இருக்கு? காட்டு."

"சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவுல. அச்சுக்குள்ள. கண்ணுக்குத் தெரியாது."

"ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு வந்து என் வண்டிய நிறுத்துது. கண்ணுக்குத் தெரியிற மாதிரி நான் நாள் பூரா தள்ளுறது கணக்குலயே இல்ல. நல்லா இருக்கு நியாயம்."

அக்கா மகள் சற்று யோசித்தாள். "புரியலேன்னா பரவாயில்ல. அப்படியே மனப்பாடம் பண்ணி எழுதிடுங்க. மார்க் வந்துடும்."

சித்தி புத்தகத்தை மூடினாள். "நம்பாதத மனப்பாடம் பண்ணித்தான் பதினேழு வயசுல பெயிலானேன். இந்தத் தடவ நம்பாம ஒரு வரிகூட எழுத மாட்டேன்."

அத்தோடு அன்றைய பாடம் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் சித்திக்குப் பிரேக்கக்கா என்று பேர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. காரணம் எல்லோருக்கும் தெரியும். அவள் தள்ளிய ஸ்ட்ரெச்சர் எந்தக் கதவு நிலையிலும் இடித்ததில்லை. லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் மற்றவர்கள் வண்டியை ஏற்றும்போது படுத்திருப்பவரின் பல் கிட்டிக்கும். அவள் ஏற்றும்போது தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே இருப்பார். புறப்படும் முன் கம்பிக்கு வெளியே விரல் எதுவும் தொங்குகிறதா, டிரிப்ஸ் குழாய் சக்கரத்தில் சிக்குமா என்று ஒரு பார்வை. பிறகு, "ஐயா, கிளம்பலாமா?" என்று ஒரு கேள்வி. நினைவில்லாமல் கிடப்பவரிடமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குச் சொல்லித்தரப்பட்டது ஒரே பாடம்: வண்டி ஓடும்போது கையை எடுக்காதே. நின்ற பிறகும், காலால் பிரேக்கை மிதித்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். ஆள் இருந்தாலும் இதுதான், காலி வண்டியானாலும் இதுதான். அந்த விதியை அவள் மீறியதே இல்லை. காய்கறிக் கடைக்குப் போனால்கூட, கூடை வைக்கும் தள்ளுவண்டியை ஒரு கையால் பிடித்தபடியே இன்னொரு கையால் வெங்காயம் பொறுக்குவாள்.

ஒரு நாளில் பாதி அவளுக்கு எக்ஸ்ரே அறைக்குப் போகும் பாதையில்தான் கழியும். கை முறிந்தவர், விலா எலும்பில் அடிபட்டவர், மூச்சு வாங்குகிறவர் என்று ஒவ்வொருவராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். மேசைக்கு மாற்றியதும் அவளை வெளியே போகச் சொல்வார்கள். ஈயத் தகடு வைத்த கனமான கதவு மூடிக்கொள்ளும். மேலே சிவப்பு விளக்கு எரியும். உள்ளிருந்து, "மூச்ச இழுத்துப் புடிங்க... அசையாதீங்க... இப்ப விடலாம்" என்று எக்ஸ்ரேக்காரரின் குரல் கேட்கும். கேட்டுக் கேட்டு, வெளியே நிற்கும் அவளும் கூடவே மூச்சைப் பிடித்து விடுவது வழக்கமாகிவிட்டது.

"எல்லாரையும் வாசல் வரைக்கும் கொண்டுவர்றேன். உள்ள நடக்குறத மட்டும் பாக்கவே இல்ல" என்று ஒரு நாள் எக்ஸ்ரேக்காரரிடம் சொன்னாள். எக்ஸ்ரேக்காரர் வயதில் அவளைவிடச் சிறியவர், கலகலப்பானவர்.

"அப்ப உள்ள வந்துடுங்களேன் அக்கா. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி ஆளுங்கள்லயே ரெண்டு பேருக்குப் பயிற்சி குடுத்து எடுக்கப் போறாங்க. நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும்."

"நாப்பத்திநாலு."

"பன்னெண்டாம் வகுப்பு முடிச்சிருக்கணும்."

"எல்லாத்துலயும் பாஸ். ஒண்ணத் தவிர."

"அது ஒண்ணும் பிரச்சின இல்ல. பிசிக்ஸ் ஒண்ணுதான் கட்டாயம்னு போட்டிருக்காங்க. நீங்க எத விட்டீங்க?"

எக்ஸ்ரேக்காரர் அவள் முகத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா! உலகத்துல வேற பாடமே கெடைக்கலியா உங்களுக்கு?"

அடுத்த வருஷம் விட்டால் அதற்கடுத்த பயிற்சிக்கு அவள் வயது தாண்டிவிடும். இருப்பது ஒரே ஒரு பரீட்சை, ஒரே ஒரு தடவை. தனித்தேர்வராக எழுதப் பணம் கட்டிவிட்டு, அக்கா வீட்டுக்குப் போய், "உன் பொண்ண ஞாயித்துக்கிழமைல எனக்குக் குடு" என்று கேட்டாள்.

அந்தப் பெண் கல்லூரியில் இயற்பியல் படித்தவள். பள்ளியில் ஒரு மொழியில் படித்ததைக் கல்லூரியில் இன்னொரு மொழியில் படித்ததால், எதையும் மனதுக்குள் ஒரு முறை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். மாற்றி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அதனால் பாதி நேரம் பேசாமலே இருந்துவிடுவாள். "வாயில பூட்டு போட்ட வாத்தியார்" என்று சித்தப்பா கிண்டல் செய்வார். அவர் பூட்டு ரிப்பேர்க் கடை வைத்திருப்பவர். எதையும் பூட்டோடு சேர்த்துத்தான் சொல்வார்.

மனப்பாடம் செய்ய மறுத்த பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் முதல் விதியைத் தாண்டாமலே போயின. டம்ளர் மேல் அட்டை, அட்டை மேல் நாணயம் வைத்து, அட்டையை வெடுக்கென்று இழுத்துக் காட்டினாள் அக்கா மகள். நாணயம் டம்ளருக்குள் விழுந்தது. "இது உன் கை சுறுசுறுப்பு" என்றாள் சித்தி. பிரேக் போட்டால் பஸ்ஸில் முன்னால் சாய்கிறோமே என்றாள். "அது பயத்துல" என்றாள் சித்தி.

"புடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிப்பா. கல்யாணம் ஆனதுலேருந்து பாக்குறேன்" என்றார் சித்தப்பா.

"முயல எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்றாள் சித்தி.

சிரித்தாலும், அடுத்த பாடத்துக்குப் போகச் சொன்னால் போகமாட்டாள். அஸ்திவாரம் ஆடும்போது மேல் மாடி எதற்கு என்பாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும்போது அவள் வாய் முணுமுணுப்பதையும் நடுவில் நின்று தலையை ஆட்டுவதையும் சித்தப்பா பார்த்தார். அப்போது மட்டும் அவர் கிண்டல் செய்யவில்லை.

செய்முறைப் பயிற்சியாவது செய்யலாம் என்று ஒரு ஞாயிறு தனி ஊசலைக் கட்டினார்கள். குண்டுக்குப் பதிலாகச் சித்தப்பா கடையிலிருந்து சாவி தொலைந்த பித்தளைப் பூட்டு ஒன்று. நூலில் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிட்டார்கள்.

"ஒரு பக்கமா இழுத்து விடுங்க சித்தி."

சித்தி பூட்டை இழுத்தாள். விடவில்லை. பிடித்தபடியே நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபக்கம் வரை கூட்டிப்போய், பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவந்தாள்.

"விடணும் சித்தி. அதுவா ஆடணும்."

"விட்டுட்டேனே."

மறுபடியும் செய்தாள். விரல்கள் திறந்திருந்தன, ஆனால் உள்ளங்கை பூட்டோடு ஒட்டியே போனது, விழப் போகும் குழந்தைக்குப் பின்னால் போகும் கையைப் போல. அக்கா மகள் வெகுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, ஒண்ணு கேக்கட்டுமா? வண்டி ஓடுறப்ப எப்பவாவது கைய விட்டுப் பாத்திருக்கீங்களா?"

"விடுறதா? வேலை போயிடும்டீ."

"காலி வண்டில?"

"காலி வண்டிலயும்தான்."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட" என்று பெருமையாகச் சொன்னாள் சித்தி. சொன்ன பிறகு அவள் முகம் மாறியது. நூலில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். தள்ளாவிட்டால் வண்டி நின்றுவிடும் என்று இத்தனை நாள் அடித்துச் சொன்னவள், தள்ளாமல் விட்ட வண்டியைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் அவள் கையே பிடித்து நிறுத்திய வண்டிகள்.

ஆஸ்பத்திரியில் அப்போது புதுக் கட்டடம் ஒன்று முடிந்து, திறக்காமல் இருந்தது. கட்டில்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. நடைபாதை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை புதுக் கல் பதித்து, முகம் பார்க்கலாம் போல் இருந்தது. புதிதாக வந்த ஸ்ட்ரெச்சர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தும் வேலையை அந்த வாரம் சித்திக்குக் கொடுத்திருந்தார்கள். மதியம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் வரச் சொல்லி அக்கா மகளுக்குச் சொல்லியனுப்பினாள். அவள் வந்தபோது நடைபாதையின் இந்தக் கோடியில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று பழசு, ஒன்று புதுசு.

"முதல்ல என் ஆளு" என்று பழசைத் தட்டிக்கொடுத்தாள் சித்தி. தள்ளினாள். கையை எடுக்க வேண்டிய இடம் வந்தது, எடுக்கவில்லை. திரும்பக் கொண்டுவந்தாள். இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை, கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தாள்.

வண்டி கடகடவென்று இரண்டு கதவுகளைத் தாண்டியது. முனகியது, நின்றது.

"பாத்தியா!" என்றாள் சித்தி. "நான் சொன்னேன்ல? நின்னுடுச்சு."

"இப்ப இது" என்று அக்கா மகள் புது வண்டியைக் காட்டினாள். "அதே அளவுக்குத் தள்ளுங்க."

தள்ளினாள், விட்டாள். புது வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. முதல் கதவு, இரண்டாம் கதவு. பழசு நின்ற இடத்தைத் தாண்டியது. அதற்கடுத்த கதவையும் தாண்டியது. சித்தியின் இரண்டு கைகளும் இன்னும் கைப்பிடியைப் பிடித்திருப்பது போலக் காற்றில் நீட்டியிருந்தன. "நிக்கும், இப்ப நிக்கும்" என்றாள். அது நிற்பதாக இல்லை. கோடியில் கண்ணாடிக் கதவு இருந்தது. "அய்யய்யோ" என்று செருப்பை உதறிவிட்டு ஓடினாள். கண்ணாடிக்குக் கொஞ்சம் முன்னால் பாய்ந்து பிடித்தாள். வண்டி அவளையும் ஓரடி இழுத்துக்கொண்டுதான் நின்றது.

மூச்சு வாங்கியபடி அங்கேயே நின்றாள். அக்கா மகள் ஓடிவந்து சேர்ந்தபோது, சித்தி வண்டியைப் பார்த்துக் கேட்பது போலக் கேட்டாள்: "நான்தான் தள்ளலியே. அப்புறம் யாரு என்னை இழுத்தது?"

அக்கா மகள் பழைய வண்டி நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே தள்ளுதான். அப்ப பழசு ஏன் நின்னுச்சு?" கேட்டுக்கொண்டே பழைய வண்டியிடம் போனாள். குனிந்து, அதன் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அச்சைச் சுற்றித் தலைமுடியும் கட்டுத்துணி நூலும் பஞ்சுமாகத் திரண்டு கிடந்தது. கொண்டை ஊசியால் நெம்பி ஒரு கொத்தை இழுத்து எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இதுதான் உன் உராய்வா? கண்ணுக்குத் தெரியாதுன்ன?"

"அதுல கொஞ்சம் சித்தி."

"இது இல்லேன்னா இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கும்."

"ஆமா."

"புதுசுலயும் இப்படிக் கொஞ்சம் ஏதாவது இருக்கும். அதுவும் இல்லேன்னா, இன்னும் தூரம்." நிறுத்தினாள். நடைபாதையின் அந்தக் கோடியைப் பார்த்தாள். "எதுவுமே இல்லேன்னா..."

அக்கா மகளுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டு மொழியிலும் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

"...நிக்கிறதுக்குக் காரணமே இருக்காது" என்று சித்தியே முடித்தாள். "போறதுக்குக் காரணம் தேடிக்கிட்டு இருந்தேன். காரணம் வேண்டியது நிக்கிறதுக்குத்தான்."

"அங்க என்ன நடக்குது?"

பெரிய சிஸ்டரின் குரல். ஆஸ்பத்திரியின் தாதிகளுக்கெல்லாம் தலைமை அவர். பயிற்சிக்கு யாரை அனுப்பலாம் என்று பரிந்துரைப்பவரும் அவர்தான். நடைபாதையின் நடுவே செருப்பு ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகக் கிடந்தது.

"வண்டிய விட்டுட்டு வேடிக்கை பாத்தத நானே பாத்தேன். நீயா? பிரேக்கக்காவா?"

"பாடம் சிஸ்டர்."

"என்ன பாடம்?"

"முதல் விதி."

"இங்க முதல் விதி கைய எடுக்காததுதான்" என்றார் பெரிய சிஸ்டர். மறுநாள் முதல் பிரேக்கக்காவுக்கு ஸ்ட்ரெச்சர் கிடையாது. சலவைக்கூடத்தில் துணி வண்டி.

வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா மகளுக்கு அழுகை வந்துவிட்டது. பரிந்துரை போய்விடும், பரீட்சை எழுதியும் பயனில்லை, எல்லாம் தன்னால்தான் என்று நினைத்தாள். சித்திக்கும் பயம்தான். ஆனால் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்து, "அழுறதுன்னா ரெண்டாம் விதிய சொல்லிக்குடுத்துட்டு அழு" என்றாள்.

இரண்டாம் விதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியே இருக்கவில்லை. அது சலவைக்கூடத்தில் காத்திருந்தது. காலி வண்டியும், ஈரப் போர்வை நிறைந்த வண்டியும் ஒரே தள்ளுக்கு ஒரே மாதிரி கிளம்புமா? நிறை, விசை, முடுக்கம் மூன்றும் ஒரு வாரத்துக்குள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டன. துணி வண்டியின் தகரப் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் சூத்திரம் எழுதிவைத்து, போகவரப் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு வந்த பாடங்களெல்லாம் அப்படிச் சுலபமாக இருந்தன என்று சொல்ல முடியாது. ஒளியை வளைக்கும் வில்லைகள் பிடித்தன, மாறுதிசை மின்னோட்டம் கடைசிவரை முரண்டு பிடித்தது. எக்ஸ் கதிர்கள் பற்றிய இரண்டே பக்கத்தை, "இவ்வளவுதானா?" என்று குறைப்பட்டுக்கொண்டே படித்தாள்.

ஒரு நாள் பெரிய சிஸ்டர் சலவைக்கூடத்துக்கு வந்தார், போர்வை தாமதமாகிறது என்று சண்டை போட. வண்டியில் எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"இன்னும் பாடம் ஓடுதா?"

"ஓடுது சிஸ்டர்."

"அப்ப இதச் சொல்லு. ஈரத்துணி வண்டி மட்டும் ஏன் வளைவுல திரும்பாம நேராப் போய்ச் செவுத்துல முட்டுது? மாசத்துக்கு ஒரு தடவ பூச்சு உதிருது."

"அது நேராப் போகத்தான் பாக்கும் சிஸ்டர். திருப்புறதுக்குன்னு தனியா ஒரு விசை வேணும். பாரம் கூடக் கூட விசையும் கூட வேணும். பாதி பாதியா ஏத்திட்டு வந்தா முட்டாது."

பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. "பாதி பாதியா ஏத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவளை ஸ்ட்ரெச்சருக்கே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பரிந்துரை பற்றிக் கேட்டதற்கு, "பாஸ் பண்ணிட்டு வந்து கேளு" என்று பதில் வந்தது. அதில் மறுப்பு இல்லை என்று சித்தி எடுத்துக்கொண்டாள்.

செய்முறைத் தேர்வில் அவளுக்குத் தனி ஊசலே வந்தது. குண்டை இழுத்தாள், விட்டாள், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் குனிந்து பார்க்கையில், பழக்க தோஷத்தில், "அசையாதீங்க சார், மூச்ச இழுத்துப் புடிங்க" என்று சொல்லிவிட்டாள். அவரும் பிடித்தார். "இப்ப விடலாம்" என்று அவள் சொன்ன பிறகுதான் விட்டாராம். இதை அவள் எக்ஸ்ரேக்காரருக்கு நடித்தே காட்டினாள்.

தேறினாள். மதிப்பெண் ஊரைக் கூட்டிச் சொல்லும்படி இல்லை. தேறுவதற்கு வேண்டியதற்கும் சற்று மேல். போய்க் கேட்டபோது பெரிய சிஸ்டர் மறுக்காமல் பரிந்துரை எழுதிக்கொடுத்தார். இப்போது சித்தி ஈயக் கதவுக்கு உள்ளே நிற்கிறாள். இன்னும் பயிற்சிதான், பொத்தானை எக்ஸ்ரேக்காரர்தான் அழுத்துகிறார். ஆனால் "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று சொல்வது அவள் குரல். சொல்லும் முன் "ஐயா, எடுக்கலாமா?" என்று கேட்பதும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் பேர் இன்னும் பிரேக்கக்காதான்.

அக்கா மகளுக்கு அவளை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது எழுத்துத் தேர்வு நடந்த காலை. பள்ளி வாசலில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று கடைசி நேரத்தில் புரட்டிக்கொண்டிருந்தார்கள். காவலாளி சித்தியைப் பார்த்து, "பெத்தவங்க எல்லாம் வெளியில நில்லுங்கம்மா" என்றார். சித்தி நுழைவுச் சீட்டை நீட்டினாள். அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரியாதையாக வழி விட்டார்.

அக்கா மகள் சித்தியின் முழங்கையைப் பிடித்தபடி கூடவே வாசல் வரை வந்திருந்தாள். பரீட்சை முடியும் வரை அங்கேயே, மரத்தடியில் காத்திருக்கப் போவதாகச் சொன்னாள். தண்ணீர் பாட்டிலும் குடையும் கொண்டுவந்திருந்தாள்.

சித்தி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பேனாவை இடுப்பில் செருகிக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"எனக்கு ஒரே ஒரு உதவி செய்" என்றாள். "நீ இங்க நின்னா நான் ஒவ்வொரு கேள்விக்கும் ஜன்னல் வழியா உன்னத்தான் தேடுவேன். முதுகுல ஒரு தள்ளு தள்ளிட்டு, கைய எடுத்துட்டு, வீட்டுக்குப் போ."